எட்டுப் போட ஒரு வண்டி

கோயம்புத்தூர்
12.6.1994

அன்புள்ள கிளாடிஸ் அக்காவுக்கு,

வியாழக்கிழமை நடந்ததை எல்லாம் இந்தக் கடிதத்தில் உள்ளபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், எதையும் மறைக்க மாட்டேன். முதலிலிருந்து வரிசையாக எழுதினால்தான் எனக்கு எழுத வரும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததும் இதில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் நீங்கள் இப்போது இருக்கும் கிளினிக்கில், வாய்க்கால் ஓரத்துக் கிராமங்களைச் சுற்றிப் பார்க்கும் நர்ஸ் வேலை உங்களுக்கே கிடைக்க வேண்டுமென்றால் ஜூன் முப்பதுக்குள் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். கிளினிக்கின் ஸ்கூட்டர் கியர் வண்டி என்பதால் தேர்வும் கியர் வண்டியில்தான். எங்கள் மாடியில் குடியிருந்தபோதே நீங்கள் எல்.எல்.ஆர். எடுத்துவிட்டீர்கள், ஆகவே தேர்வுக்கு இங்கேதான் வர வேண்டும். வண்டியையும் நாமே கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். கிளினிக் வண்டியை அத்தனை தூரம் கொண்டுவர ஆளில்லை என்று நீங்கள் எழுதியதும், "நம்ம வண்டி எதுக்கு இருக்குது, சிஸ்டரை வரச்சொல்லு" என்று அத்தா சொன்னார்.

எங்கள் வண்டி எப்படிப்பட்டது என்று உக்கடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவசரமாக வருகிற வாடிக்கையாளருக்கு ஏதாவது சாமான் கடையில் கிடைக்கவில்லை என்றால் அத்தா தன் வண்டியிலிருந்து கழற்றி மாட்டி அனுப்பிவிடுவார். பிறகு நினைவு வந்தால் வாங்கிப் போடுவார். ஸ்கூட்டர் மெக்கானிக் வீட்டு வண்டிக்கு ஒரு மாதம் ஹாரன் இருக்காது, அடுத்த மாதம் கண்ணாடி இருக்காது. ஆனால் உங்களுக்காக அத்தா இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டினார். புதன்கிழமை மாலை நான் பின்னால் நின்று பார்த்தேன். எல்லா விளக்கும் எரிந்தன.

வியாழன் காலை ஏழு மணிக்கு அத்தா ஒருவர் வண்டியை ஒப்படைக்க டவுன்ஹால் பக்கம் போயிருந்தார். ஒர்க்‌ஷாப்பில் நான் மட்டும் இருந்தேன். கருமத்தம்பட்டியில் தறி வைத்திருக்கும் பங்காரு அண்ணன் வந்தார். அவர் வண்டியில் பின்னால் இருக்கிற பல்பு போய்விட்டது. "நூல் வாங்கிப்போட்டு ஊட்டுக்குப் போறதுக்குள்ள பொழுது உழுந்துரும் அம்மணி. போன வாரமே போலீஸ்காரர் புடிச்சுப்போட்டாரு" என்றார். கடைகள் திறக்கவில்லை. எங்கள் வண்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

தேர்வு நடப்பது பகலில், பகலில் பின்விளக்கு எதற்கு என்று நானே யோசித்து முடிவு செய்தேன். அதே பல்புதான் பிரேக் பிடித்தாலும் எரியும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் இருட்டை மட்டுமே நினைத்தேன். இரண்டு ஸ்க்ரூ. நானே கழற்றி, நானே அவர் வண்டியில் மாட்டினேன். "அத்தாவாட்டமே இருக்கற" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெருமையில், அத்தா வந்ததும் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் போய்விட்டது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அத்தா வண்டியைத் தேர்வு மைதானத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பிரித்துப் போட்டிருந்த என்ஜினைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நீங்கள் எட்டுப் போட்டு முடித்தீர்கள். தேர்வு எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஏனம்மணி, பின்னால நின்னு செகப்பு லைட் எரியுதான்னு பாத்துச் சொல்லு" என்றார். நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். எரியவில்லை. "எரியலீங்க" என்றேன். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். ஏன் எரியவில்லை என்று அவர் கேட்டார். "எங்கத்தா கஸ்டமருக்குக் கழட்டிக் குடுத்துட்டாருங்க" என்றேன். வண்டியைச் சரிசெய்துகொண்டு ஒரு வாரம் கழித்து வரச்சொல்லிவிட்டார்.

அக்கா, அத்தா கழற்றவில்லை. நான் கழற்றினேன். எரியவில்லை என்று உண்மையைச் சொன்ன வாய் மூடுவதற்குள் அடுத்த பொய்யைச் சொல்லிவிட்டேன். அத்தாதான் எப்போதும் கழற்றுவார், ஆகவே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அது தானாக வந்துவிட்டது. "உங்கத்தாவுக்கு எம்பொழப்பு வெளையாட்டாப் போச்சா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அம்மா செய்துவைத்த சாப்பாட்டைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பல்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் அன்று அத்தாவிடம் சொன்னேன். என்னைத் திட்டுங்கள். அத்தாவைத் தவறாக நினைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஃபஹீமா

——

கோபி
17.6.1994

ஃபஹீமாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உடனே பதில் எழுதினால் கடுமையாக எழுதிவிடுவேன் என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். இரண்டு நாளில் பெரிதாக ஒன்றும் ஆறிவிடவில்லை.

அந்த வண்டியில் பின்விளக்கு எரியாததால் என்ன ஆனது என்று உனக்குச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை தடுப்பு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசிக் கிராமத்துக்குக் கிளம்பினேன். பஸ் வரவில்லை. வாய்க்கால் கரையில் நான்கு கிலோமீட்டர் நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் பெட்டியில் ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது. அந்த மருந்தைப் போடக்கூடாது. பதினோரு பேர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகாமல் காத்திருந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பினேன். கிளினிக்கின் ஸ்கூட்டர் ஷெட்டில் நிற்கிறது, ஓட்டத்தான் எனக்கு உரிமை இல்லை.

காங்கேயத்திலிருந்து ஜெயக்கொடி என்று ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள். அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முப்பதாம் தேதி வரை எனக்காகப் பார்ப்பதாகவும், அதற்குமேல் முடியாதென்றும் டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். இந்த வேலை போனால் எனக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி வார்டு கிடைக்கும். பட்டினி கிடக்க மாட்டேன். ஆனால் எனக்கு இந்த வேலைதான் வேண்டும்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. போன சனிக்கிழமை, நீ எனக்கு எழுதுவதற்கு முந்தின நாள், உன் அத்தா எஸ்.டி.டி. பூத்திலிருந்து கிளினிக்குக்குப் போன் செய்தார். "தப்பு என்னோடதுதானுங்க சிஸ்டர். எப்பக் கழட்டினேன்னே எனக்கு நெனவில்லீங்க" என்றார். நான் ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டேன்.

புரிகிறதா? தான் செய்யாத காரியத்தைத் தானே செய்ததாக நம்பிக்கொண்டு ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நானும் அதை வாங்கிக்கொள்ளாமல் வைத்துவிட்டேன். இதில் என் பங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பங்கு பாக்கி இருக்கிறது. எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற என்னிடம் எழுதிவிட்டாய். ஒரே வீட்டில் இருக்கிறவரிடம் சொன்னாயா? முதலில் அவரிடம் சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது.

மறுபடி அந்த வண்டியில் ஏறுவேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியாது.

கிளாடிஸ்

——

கோயம்புத்தூர்
21.6.1994

அன்புள்ள கிளாடிஸ் அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். அத்தா கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், பங்காரு அண்ணன் என்னைப் பாராட்டியதையும் சேர்த்து. அத்தா கையைத் துடைத்துக்கொண்டார். "நாந்தான் கழட்டியிருப்பேன்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு. தெனமும் கழட்டற கைதானே, அதுக்கு எங்க கணக்கு இருக்குது" என்றார். பிறகு, "ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கினியா?" என்று கேட்டார். முடுக்கினேன் என்றேன். "அதாச்சும் செஞ்சியே" என்று சொல்லிவிட்டுக் கார்புரேட்டரை எடுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. இந்தப் பத்து நாளாக வேலை செய்யும்போதெல்லாம் தன் கையையே தனக்கு நம்ப முடியாமல் இருந்ததாம். ஒவ்வொரு வண்டியையும் அனுப்புமுன் இரண்டு தடவை பார்த்தாராம். என்னைத் திட்டியிருந்தால் நான் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் அத்தா என்னை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேர்வுக்குக் கொண்டுவருகிற வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நின்றுகொண்டே முழுவதையும் நோட்டில் எழுதினேன். எந்த வகை லைசென்ஸ் கேட்கிறோமோ அந்த வகை வண்டியாக இருக்க வேண்டும். ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்சும் கையில் இருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பலகையில் சிவப்பில் எல் எழுத்து வேண்டும். ஹாரன், கண்ணாடி, இரண்டு பிரேக்கும், எல்லா விளக்கும் வேலை செய்ய வேண்டும். நம்பர் படிக்கும்படி இருக்க வேண்டும். எங்கள் நம்பர் பலகையில் கடைசி எண் மூன்றா எட்டா என்று எனக்கே சந்தேகம் வரும். நேற்றே அத்தா பெயின்ட் அடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து இன்சூரன்ஸ் காகிதத்தை எடுத்துப் படித்தேன். இதுவரை யாரும் அதைப் படித்ததே இல்லை என்று நினைக்கிறேன். அது இந்த 25ஆம் தேதியோடு முடிகிறது. கவனிக்காமல் போயிருந்தால் இந்தத் தடவை அதற்காகத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இன்று காலை அத்தா புதுப்பித்துவிட்டார்.

இப்போது வண்டியின் ஹேண்டில்பாரில் ஓர் அட்டை தொங்குகிறது. "இந்த வண்டியிலிருந்து எதையும் கழற்றக் கூடாது" என்று நான் எழுதினேன். அத்தா அதைப் படித்துவிட்டுத் தானே கட்டினார். பக்கத்து பேட்டரிக் கடை ஷாஹுல் மாமா காலையில் வந்து ஹாரனை அழுத்திப் பார்த்தார். சத்தம் வந்ததும், "ஏனுங்க இல்யாஸ் பாய், இது ஆரு வண்டிங்க? உங்க வண்டியை எங்க நிறுத்திப்போட்டீங்க?" என்றார். வருகிறவர்களிடம் எல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

28ஆம் தேதி செவ்வாய்க்கிழமை தேர்வு இருக்கிறது. அன்று எனக்கு அறிவியல் பரீட்சை, வர முடியாது. அத்தா கடையைச் சாத்திவிட்டு நாள் முழுவதும் உங்களோடு இருப்பதாகச் சொல்கிறார். வருவீர்களா? என்மேல் கோபம் இருந்தாலும் வாருங்கள்.

ஃபஹீமா

——

கோபி
24.6.1994

அன்புள்ள ஃபஹீமா,

வருகிறேன். முதல் பஸ்ஸில் கிளம்பினால் எட்டரைக்குள் வந்துவிடலாம். அத்தாவிடம் சொல்லிவிடு.

நீ ஒன்றை ஒத்துக்கொண்டாய், நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அன்று எட்டுப் போடும்போது இரண்டாவது வளைவில் என் கால் தரையைத் தொட்டது. நீ அந்தப் பக்கம் நின்றதால் உனக்குத் தெரிந்திருக்காது. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். "செரி, வாங்க பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். விளக்கு எரிந்திருந்தாலும் அவர் பாஸ் போட்டிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இங்கே வந்து டாக்டரம்மாவிடம் நான் சொன்னது, "மெக்கானிக் ஓட்டை வண்டியைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்" என்பதுதான். காலைப் பற்றி மூச்சு விடவில்லை.

நேற்று அதையும் போய்ச் சொன்னேன். "அப்ப வண்டியை அவங்க சரி பண்ணட்டும், எட்டை நீங்க சரி பண்ணுங்க" என்றார்கள். இப்போது தினமும் மாலையில் கிளினிக் காம்பவுண்டில் பிளீச்சிங் பவுடரால் எட்டுக் கோடு போட்டு ஓட்டுகிறேன். ஜெயக்கொடிதான் பின்னால் உட்கார்ந்து பழக்குகிறாள். என் வேலைக்குப் போட்டிக்கு வந்தவள்! என் கால் கீழே போனால் முதுகில் ஒரு தட்டு வைக்கிறாள்.

பரீட்சையை நன்றாக எழுது. வண்டியைப் பற்றி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே.

அன்புடன்,
கிளாடிஸ்

——

கோபி
29.6.1994

என் அன்பு ஃபஹீமாவுக்கு,

நேற்று உன் பள்ளிக்கூடம் விடும்வரை இருக்க முடியவில்லை. பஸ் கிடைக்காது என்று கிளம்பிவிட்டேன். முடிவு உனக்கு அத்தா சொல்லித் தெரிந்திருக்கும். ஆனால் அவர் பாதியைச் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

காலையில் போனதும் வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர். கோட்டைமேட்டில் வளையல் கடை வைத்திருக்கும் யாகூப் என்பவர் முதலில் நின்றார். அவர் கொண்டுவந்த ஸ்கூட்டரில் ஹாரன் அடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அவரை ஓரமாகப் போகச் சொன்னார். அவர் முகம் விழுந்துவிட்டது. உன் அத்தாவின் கை நேராகச் சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூடிரைவருக்குப் போனது. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பிறகு ஹேண்டில்பாரில் தொங்கிய உன் அட்டையைப் பார்த்தார். கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். அங்கேயும் இங்கேயும் நடந்தார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டவரைப் போல இருந்தது அவரைப் பார்க்க.

எனக்கே பொறுக்கவில்லை. "எதையும் கழட்ட வேண்டாங்க பாய், வண்டியையே குடுத்துருங்க" என்றேன். அத்தா போய் இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். "பேப்பரெல்லாம் சரியா இருந்தா ஆரு வேணாலும் ஓட்டட்டும்" என்றார் அவர். யாகூப் நம் வண்டியில் ஓட்டிப் பாஸ் ஆனார். அதைப் பார்த்து, இன்சூரன்ஸ் கொண்டுவராத ஒருவர் வந்து கேட்டார். கண்ணாடி உடைந்த ஒருவர் கேட்டார். அத்தா யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். மூன்றாவது தடவை வண்டி வந்து நின்றதும் இன்ஸ்பெக்டர், "ஏனுங்க, இன்னைக்கு இந்த வண்டிக்கே ஒரு லைசென்ஸ் போட்டுக் குடுத்துரலாமுங்க" என்றார். மைதானமே சிரித்தது. உன் அட்டையைச் சத்தமாகப் படித்துவிட்டு, எழுதியது யார் என்று வேறு கேட்டார். அத்தா உன் பெயரையும் வகுப்பையும் சொன்னார். பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னார், அது யாரும் கேட்காதது.

என் முறை வந்தது. ஏறி உட்கார்ந்து உதைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி உதைத்தேன். இல்லை. அத்தனை பேர் ஓட்டியதில் பெட்ரோல் இறங்கிவிட்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் ஊருக்கெல்லாம் வண்டி கொடுக்கச் சொன்ன என்னையே நான் நொந்துகொண்டேன். முப்பதாம் தேதிக்கு இரண்டே நாள் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அத்தா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்வார். ஜெயக்கொடி பழக்கும்போது ஒன்று சொல்வாள்: வண்டி எடுக்கவில்லையென்றால் உதைத்துக்கொண்டே இருக்காதே, இறங்கிப் பார். இறங்கினேன். சீட்டுக்குக் கீழே கையை விட்டுப் பெட்ரோல் குமிழை ரிசர்வுக்குத் திருப்பினேன். மெதுவாக ஏறி ஒரே உதை. எடுத்துக்கொண்டது.

எட்டை இரண்டு சுற்றுப் போட்டேன். கால் எங்கேயும் படவில்லை. கை காட்டச் சொன்ன இடத்தில் காட்டினேன். பிரேக் பிடித்தபோது இன்ஸ்பெக்டரே பின்னால் போய் நின்று பார்த்தார். பாஸ்.

வெளியே வந்ததும் அத்தாவிடம், அன்று பேசாமல் போனை வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "பூத்துல மீட்டர் ஓடிட்டே இருந்துச்சுங்க சிஸ்டர். நீங்க வெச்சது எனக்கு லாபமுங்க" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச விடவில்லை. இந்தத் தடவை உன் அம்மா செய்த சாப்பாட்டை இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

இன்று டாக்டரம்மா வேலையை எனக்கு உறுதி செய்துவிட்டார்கள். ஜெயக்கொடி பிரசவ வார்டை எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை முதல் சுற்று. அன்று திருப்பி அனுப்பிய பதினோரு பேரிடம்தான் முதலில் போகிறேன்.

உங்கள் வீட்டுக்கு நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நன்றி என்று ஒன்றுக்கு மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். நீயே புரிந்துகொள்.

அன்புடன்,
கிளாடிஸ் அக்கா

——

கோயம்புத்தூர்
4.7.1994

அன்புள்ள கிளாடிஸ் அக்காவுக்கு,

இதைக் கிளை நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் அம்மாவும் அத்தாவும் தங்கள் சார்பில் ஆளுக்கு ஒரு வரி சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அம்மா சொல்லச் சொன்னது: அடுத்த தடவை வரும்போது ஜெயக்கொடி அக்காவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அத்தா சொல்லச் சொன்னது: கிளினிக் வண்டியைப் பத்து நாளுக்கு ஒரு தடவை பிளக் கழற்றித் துடைக்க வேண்டும்.

இன்று திங்கட்கிழமை. இந்நேரம் நீங்கள் போய்விட்டு வந்திருப்பீர்கள். வகுப்பில் கணக்கு நடக்கும்போது பத்தரை மணிக்கு உங்களை நினைத்தேன். ஐஸ் கரையாமல் இருந்ததா? பதினோரு பேரும் வந்தார்களா? எழுதுங்கள்.

நீங்கள் நன்றியை அடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நான் அடிக்காமல் எழுதிவிடுகிறேன். என் முதல் கடிதத்துக்கு நீங்கள் "பரவாயில்லை" என்று எழுதியிருந்தால் நான் நிம்மதியாகி இருப்பேன். அத்தாவிடம் சொல்லியிருக்க மாட்டேன். அத்தா இன்றைக்கும் ஒவ்வொரு வண்டியையும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் கோபமாக இருந்தும், உங்கள் வேலையே ஆடிக்கொண்டிருந்தபோதும், முதலில் அவரிடம் சொல் என்று எழுதினீர்கள். அதற்குத்தான் நன்றி. லைசென்ஸ் கிடைத்ததற்கு நீங்கள் எங்களுக்குச் சொல்வதைவிட நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகம் என்று நினைக்கிறேன்.

நேற்று ஒன்று நடந்தது. ஒருவர் வண்டியை எடுக்க வந்து, கிளட்ச் இவ்வளவு லேசாக இருக்கிறதே, யார் வைத்தது என்று கேட்டார். அந்தக் கேபிளை மாட்டியது நான். அத்தா பக்கத்தில் இருந்து காட்டினார், ஆனால் மாட்டி முடுக்கியது நான். "நீங்க வெச்சதாத்தானுங்க இருக்கும் பாய்" என்றார் அவர். அத்தா வேலையிலிருந்து தலையைத் தூக்கினார். "நான் வெக்கலீங்க. எம்பொண்ணு வெச்சது. ஏதாச்சும் கொறை இருந்தா அதுகிட்டயே கேளுங்க" என்றார்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை அம்மணி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் இரண்டு நிமிஷம் கையில் துணியை வைத்துக்கொண்டு நின்றேன். அத்தா மறுபடி தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. அறிவியலில் எண்பத்தாறு. ஆனால் நூலகர் அம்மா பத்திரிகை மேசைப் பக்கம் விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். இன்னும் ஒரு வரிதான் என்று விரலைக் காட்டினேன். தலையாட்டினார். நீங்கள் சுற்றி வருகிற வாய்க்கால் கரையை நான் ஒரு தடவை உங்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும், காலாண்டு விடுமுறையில் அனுப்புவதாக அத்தா சொல்லியிருக்கிறா

விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.